ஆறு மாத வேலைக்குச் சென்னையில் அறை தேடிய அனுபவம்

எங்கள் நிறுவனத்தின் கிளைக் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பதற்காக 2024 ஆகஸ்டில் திருநெல்வேலியிலிருந்து என்னைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வேலை ஆறு மாதம் என்று சொன்னார்கள். முன்னதாகவே முடியலாம், ஒன்றிரண்டு மாதம் இழுத்துக்கொண்டும் போகலாம். தங்கும் செலவுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை தருவார்கள், ஆனால் அச்சிட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் பெயராது. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு தொடங்கி இரண்டு மாதமே ஆகியிருந்ததால் குடும்பத்தோடு குடிபெயரும் பேச்சுக்கே இடமில்லை. அலுவலகம் தரமணியில் இருந்தது.

ஊரிலிருந்தபடியே இணையத்தில் படம் பார்த்து அறையை உறுதிசெய்யலாம் என்று பலரும் சொன்னார்கள். படத்தில் வெளிச்சம் தெரியும், தண்ணீர் வருகிறதா என்பது தெரியாது. ஆகவே முதல் இரண்டு இரவுகளுக்கு எழும்பூர் ரயில் நிலையத்தின் ஓய்வறையில் இடம் பிடித்தேன். உறுதியான பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஐஆர்சிடிசி தளத்திலேயே இதைப் பதிவு செய்யலாம். அதிகபட்சம் 48 மணி நேரம் வரை தருவார்கள். நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து காலையில் இறங்கி, நிலையத்துக்குள்ளேயே குளித்து, பெட்டியை வைத்துவிட்டுத் தேடக் கிளம்ப முடிந்தது. இடம் கிடைக்காதவர்களுக்கு எதிர்ப்புறம் கென்னட் லேன் முழுக்க லாட்ஜுகள் இருக்கின்றன; ஆனால் அங்கே நாள் வாடகையில் நாட்களைக் கடத்தினால் ஒரு மாத அறை வாடகை ஒரு வாரத்திலேயே கரைந்துவிடும்.

தனி வீடு என்ற யோசனையை முதல் நாளே விட்டுவிட்டேன். வாடகை கட்டுப்படியாகக்கூடிய சிறிய வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. சிக்கல் அட்வான்ஸில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்’ என்ற அந்த வாசலின் வழியாகத்தான் சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் இன்னமும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. நான் பார்த்த வீட்டுக்காரர்களில் ஐந்து மாதத்துக்குக் கீழே இறங்கியவர் எவரும் இல்லை. ஆறு மாதம் இருக்கப் போகிறவன் பத்து மாத வாடகையைக் கொடுத்து வைத்துவிட்டு, காலி செய்யும்போது பெயின்ட் செலவு, புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகை, கட்டில், பாய், அடுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், மாத வாடகை என்று சொல்லப்படும் தொகைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

அடுத்து பெருங்குடி, துரைப்பாக்கம் பகுதியின் பிஜிக்கள், அதாவது சாப்பாட்டோடு கட்டில் வாடகைக்குக் கிடைக்கும் தனியார் விடுதிகள். அலுவலகத்துக்கு மிக அருகில் இருந்தவை இவைதான். இருவர் தங்கும் அறையில் ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, வைஃபை, துணி துவைக்க இயந்திரம் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் நான் வாடகையைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், காலி செய்யும்போது என்ன நடக்கும் என்பதையே ஒவ்வோர் இடத்திலும் முதலில் கேட்டேன். அதற்கு வந்த பதில்கள்தான் இடத்துக்கு இடம் மாறின. ஓரிடத்தில் ஒரு மாத அட்வான்ஸ், அதில் பாதி ‘மெயின்டனன்ஸ்’ என்று திரும்ப வராது. இன்னோரிடத்தில் மூன்று மாதம் கட்டாயம் இருக்க வேண்டும், முன்னதாகப் போனால் அட்வான்ஸ் முழுவதும் போய்விடும். மூன்றாவது இடத்தில் முப்பது நாள் முன்னறிவிப்பை மாதத்தின் முதல் ஐந்து தேதிகளுக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆறாம் தேதி சொன்னால் அது அடுத்த மாதக் கணக்கு. வேலை எப்போது முடியும் என்று தெரியாத என்னைப் போன்றவருக்கு இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே ஒரு மாத வாடகையை விழுங்கிவிடும். ஏசி அறை என்றால் மின்கட்டணத்துக்குத் தனி மீட்டர். யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் ‘பார்த்துக்கலாம் சார்’ என்ற பதில்.

ஒரு பிஜியில் வாடகைக்கு மேல் 12 விழுக்காடு ஜிஎஸ்டி என்று எழுதிக் காட்டினார்கள். கணக்கு எழுதிப் பிழைப்பவனிடம் இதைக் காட்டியது அவர்களுடைய போதாத காலம். 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத வாடகையில், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்க இடம் கொடுத்தால் ஜிஎஸ்டி கிடையாது. தொழில் காரணமாகவோ படிப்புக்காகவோ விடுதியில் பல மாதம் தங்குகிறவர்கள் எல்லாரும் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வந்துவிடுவார்கள். மேலாளரிடம் சொன்னபோது, வரியைத் தள்ளிவிடுவதாகவும் அப்படியானால் பில் தர முடியாது என்றும் சொன்னார். பில் இல்லாத இடம் எனக்கு எவ்வளவு மலிவானாலும் மலிவில்லை.

வேளச்சேரியில் எங்கள் ஊர்ப் பையன்கள் மூவர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் நான்காவது ஆளாகச் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் வந்தது. “அண்ணாச்சி, நாலாயிரம் குடுங்க போதும், சமையலையும் பங்கு போட்டுக்கலாம்” என்றார்கள். தொகை குறைவுதான், மனிதர்களும் நல்லவர்கள். ஆனால் ஒப்பந்தம் அவர்களில் ஒருவர் பெயரில் மட்டுமே இருந்ததால் எனக்கு ரசீது கிடைக்காது. அதோடு அது தரைத்தளம். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழைய தண்ணீர்க் கறை வரி போட்டிருந்தது. அக்டோபர் நடுவில் பெருமழை எச்சரிக்கை வந்து, வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதைச் செய்தியில் பார்த்தபோது அந்தக் கறைதான் நினைவுக்கு வந்தது. மழைக்காலம் உள்ளடங்கும் காலத்துக்குச் சென்னையில் அறை பார்ப்பவர்கள் முதல் மாடிக்குக் கீழே சம்மதிக்காமல் இருப்பது நல்லது.

கடைசியில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கினேன். மேன்ஷன் என்றால் ஆண்களுக்கு மாத வாடகைக்கு அறைகள் விடும் விடுதி. நாற்பதைத் தாண்டியவன், அலுவலகத்துக்குப் பல கிலோமீட்டர் தள்ளி, சினிமா வாய்ப்புக்கும் அரசுத் தேர்வுக்கும் காத்திருக்கும் இளைஞர்களுக்கென்று பெயர்பெற்ற இடத்துக்குப் போவதா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். என் கணக்கு வேறு. தனி அறைக்கு மாத வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு, ஒரு மாத அட்வான்ஸ், காலி செய்ய பதினைந்து நாள் முன்பு சொன்னால் போதும், ஒவ்வொரு மாதமும் எண்ணிட்ட ரசீது. திருவல்லிக்கேணி நிலையத்திலிருந்து தரமணிக்குப் பறக்கும் ரயில் நேராகப் போகிறது. இடையில் வண்டி மாற வேண்டியதில்லை. மாத சீசன் டிக்கெட்டின் விலை, தரமணியிலிருந்து ஒரு முறை ஆட்டோவில் திரும்பும் காசுக்கும் குறைவு. பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் பேருந்தில் நிற்பவர்களைவிட நான் அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன்.

மேன்ஷன் அறையைப் பார்க்கப் போகிறவர்கள் மாலையில் போகாமல் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். அப்போதுதான் பொதுக் குளியலறை வாசலில் எத்தனை வாளிகள் வரிசையில் நிற்கின்றன, குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் விழுகிறது, அது உப்புத் தண்ணீரா, மெட்ரோ தண்ணீர் எனப்படும் குடிநீர் வாரியத் தண்ணீரா என்பதெல்லாம் தெரியும். நான் முதலில் பார்த்த மேன்ஷனை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கினேன். இரண்டாவதாகப் பார்த்த இடத்தில் மேனேஜர் கதவைத் திறந்துவிட்டதும் மெத்தையைத் தூக்கி நிறுத்தி, இரும்புக் கட்டிலின் மூலைப் பொருத்துகளிலும் மெத்தையின் தையலோரங்களிலும் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அங்கே மூட்டைப்பூச்சி குடியிருக்கிறது என்று பொருள். மேனேஜர் கோபப்படாமல், “தாராளமா பாருங்க சார். போன மாசம்தான் மருந்தடிச்சோம். சந்தேகமா இருந்தா மெத்தைய எடுத்துடறேன், நீங்க புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க” என்றார். அந்தப் பதிலே என்னை அங்கே இருக்க வைத்தது. மெத்தையை எடுக்கச் சொல்லிவிட்டு, கோரைப்பாயும் மெல்லிய பஞ்சு மெத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கதவுக்குப் பூட்டு நாமே வாங்க வேண்டும். கொண்டிக்குப் பொருந்தும் நல்ல பூட்டாகவே வாங்க வேண்டும்.

சேரும்போது ஆதார் நகல் கேட்பார்கள். ஆதார் தளத்திலேயே கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் நகலைப் பதிவிறக்க முடியும். நான் அதையே கொடுத்தேன், மறுக்கவில்லை. அட்வான்ஸ் ரசீதின் பின்புறத்தில், முன்னறிவிப்பு பதினைந்து நாள், பிடித்தம் எதுவும் இல்லை, மின்கட்டணம் வாடகையில் அடக்கம் என்று மூன்று வரிகளை எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். இதைக் கேட்க யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

குறைகளும் இருந்தன. இண்டக்ஷன் அடுப்பு, தண்ணீர் சுட வைக்கும் கம்பி இரண்டுக்கும் அனுமதி கிடையாது. ஊரிலிருந்து மனைவி வந்தால் அறையில் தங்க வைக்க முடியாது. அவர் வந்த வார இறுதியில் வெளியே அறை எடுத்தோம். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாளில் தெருவுக்குள் நுழைவதே பெரும்பாடு. சாப்பாட்டுக்கு மட்டும் குறையே இல்லை. இந்தப் பகுதியின் மெஸ்கள் பல தலைமுறை மேன்ஷன்வாசிகளை வளர்த்தவை. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்தால் இலையில் நிறைவான சாப்பாடு. மாதச் சாப்பாட்டுச் செலவைச் சேர்த்த பிறகும் பிஜி வாடகையைவிட எனக்குக் கொஞ்சம்தான் கூடுதலானது. தனி அறை, பிடிக்காத குழம்பைத் தின்ன வேண்டிய கட்டாயம் இல்லாமை ஆகிய இரண்டுக்கும் அந்தக் கூடுதல் தகும்.

என்னோடு தூத்துக்குடிக் கிளையிலிருந்து வந்த பெண் ஊழியருக்கு மேன்ஷன் வழி கிடையாது. பணிபுரியும் மகளிருக்காகத் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம் சானடோரியம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் உள்ளன. இணையத்திலேயே பதிவு செய்யலாம், அறையில் எத்தனை கட்டில் என்பதைப் பொறுத்து வாடகை. தரமணிக்குத் தூரம் என்பதால் அவர் தனியார் மகளிர் விடுதியையே தேர்ந்தார். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி விடுதிக்கு உரிமம் வேண்டும். அவர் உரிமத்தைக் காட்டச் சொன்னபோது சில விடுதிகள் மழுப்பின, ஒன்று சுவரிலேயே சட்டமிட்டு மாட்டி வைத்திருந்தது. அங்கேயே சேர்ந்தார்.

வேலை பிப்ரவரி நடுவில் முடிந்தது. பதினைந்து நாள் முன்பே சொல்லியிருந்ததால் மாதத்தின் பாதி வாடகையைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸில் மீதியை மேனேஜர் அன்றே யுபிஐயில் அனுப்பிவிட்டார். ரசீதின் பின்புறம் எழுதிய வரிகளைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பஞ்சு மெத்தையைப் பக்கத்து அறையில் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தம்பிக்குக் கொடுத்தேன். அலுவலகத்தில் ரசீதுகள் அத்தனையும் ஒரு கேள்வியும் இல்லாமல் அனுமதிக்கப்பட்டன. அடுத்து மதுரைக் கிளையிலிருந்து வரவிருந்தவருக்கு மேன்ஷனின் தொலைபேசி எண்ணையும், காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்கும்படியும் எழுதி அனுப்பிவிட்டு ஊருக்கு ரயில் ஏறினேன்.