பெருமாள் ஒட்டிய இடம் தகரம்

அப்பாவின் பழைய அம்பாசடரை வீட்டு வாசலில் வைத்து நானே சரி செய்யப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

டிரைவர் கதவுக்குக் கீழே ஒரு கொப்புளம், ஐந்து ரூபாய் நாணயம் அளவு. இரும்பு துருவானால் உப்பிக்கொண்டு, மேலே இருக்கும் பெயின்டையும் தூக்கிவிடும். சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்தால் அரைமணி நேர வேலை என்று கணக்குப் போட்டு, ஸ்க்ரூடிரைவரால் லேசாகத்தான் குத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

தெருமுனை டிங்கர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "காந்தம் வெச்சுப் பாருங்க சார். ஒட்டினா தகரம், ஒட்டலைன்னா பட்டி, ஓட்டையை மறைக்கப் பூசுற பசை."

வீட்டில் இருந்த ஒரே காந்தம், ஃபிரிட்ஜ் கதவிலிருந்த திருப்பதி பெருமாள். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்து வந்தேன். மட்கார்டில் கம்பீரமாக நின்றார். கதவுக்குக் கீழே வைத்த இடத்திலெல்லாம் சறுக்கி இறங்கினார்.

உளியால் தட்டினால் விரல் தடிமனுக்குப் பட்டி. அதற்கும் உள்ளே, உருட்டித் திணித்த பழைய செய்தித்தாள்! ஒரு துண்டில் தங்கம் விலை தெரிந்தது, சவரன் மூவாயிரத்துச் சொச்சம். அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "அன்னிக்கு இந்தக் காருக்குக் கொட்டின காசுல நாலு வளையல் வாங்கியிருக்கலாம்" என்றாள்.

தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைகளில் மண் அடைத்துக் கிடந்தது. மேலே மழையில் நனைந்த கயிற்று மேட், சுற்றிலும் திருவான்மியூர் உப்புக்காற்று. துருவை உட்கார வைத்து விருந்து போட்டதே நாங்கள்தான்.

நல்ல தகரம் பளிச்சென்று தெரியும் வரை வெட்டணும் என்றார் அண்ணன். வெட்டினேன், வெட்டினேன், கடைசியில் பூனை தாராளமாகப் போய்வரலாம் என்ற அளவில் நின்றது. அம்பாசடர் உற்பத்தியே 2014ல் நின்றுபோன பிறகு கடையில் போய் எந்தத் துண்டைக் கேட்பது? கெட்டியான ஒரு கல்யாணப் பத்திரிகையை அளவுக்கு வெட்டி, அதை வைத்து 20 கேஜ் தகட்டில் கோடு போட்டேன். (அந்தக் கல்யாணத்துக்கு இன்னும் மொய் எழுதவில்லை.)

வெல்டிங் மெஷின் அண்ணனுடையது, அவசரம் என்னுடையது. ஒரே இழுப்பில் கோடாக அடித்தேன். சூட்டில் தகடு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டது. அதைப் பிய்த்துப் போட்டு, அடுத்த தகட்டில் அண்ணன் சொன்னபடி கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல இங்கொன்று, அங்கொன்று. சூடு ஆறியதும் இடையில் இன்னொன்று. ஒரு முழ நீளத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

நாலாவது ஞாயிறு பெயின்ட் காய்ந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, பெருமாளை வைத்துக் காட்டினேன். சிக்கென்று ஒட்டினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் பெருமாளை எடுத்துக்கொண்டு நிதானமாக வண்டியைச் சுற்றி வந்து, அந்தப் பக்கக் கதவுக்குக் கீழே வைத்தாள்.

மெல்லச் சறுக்கித் தரைக்கு வந்தார்.

"கோவிந்தா" என்றாள் அம்மா.