பொலன்னறுவையில் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு சைக்கிள்

இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவைக்குப் போகிறோம் என்றதும் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அரை நாள் போதும், வேன் பிடித்தால் மதியத்துக்குள் பார்த்துவிட்டு சிகிரியாவுக்குப் போய்விடலாம். தங்கையும் நானும் இரண்டு நாள் தங்கினோம். இரண்டு நாளும் போதவில்லை.

தங்கிய வீட்டுக்காரரே வாடகைக்குச் சைக்கிள் வைத்திருந்தார். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசினார். கியர் கிடையாது, முன்னால் கூடை வைத்த சாதாரண சைக்கிள். டயரை அமுக்கிப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, என் சீட்டை இரண்டு விரல் உயர்த்திக் கொடுத்துவிட்டு, "மல்லி, தொப்பி இருக்கு சரி, காலுக்கு சாக்ஸ் எடுத்தீங்களா?" என்று கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. எதற்கு என்று மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் புரிந்தது. புத்தர் சிலை உள்ள இடங்களில் செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்ற வேண்டும், வெயில் ஏறிவிட்டால் கல் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. போகிறவர்கள் தயவுசெய்து பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் வந்து சேர்ந்த கையோடு ஏரிக்கரைக்குப் போனோம். வீடு இருந்தது வயல்களுக்கு நடுவே. அங்கிருந்து போகிற பாதை கரையை நெருங்கும்போது திடீரென்று மேலேறுகிறது, சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் சைக்கிள் நகராது, எழுந்து நின்று மிதித்துக் கரைமேல் ஏறினால் மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வயலெல்லாம் எங்கேயோ கீழே. தண்ணீர் வயலைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது தொடை வலியிலேயே தெரிந்துவிடும். மதகைத் திறந்தால் போதும், மீதியை அந்தச் சரிவு பார்த்துக்கொள்ளும். வேனில் இதே கரைமேல் போயிருந்தால் அழகான ஏரி என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

பராக்கிரம சமுத்திரம் என்று பெயர், கரையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு இங்கே ஏற்கெனவே இருந்த பழைய குளங்களை இணைத்து, அம்பன் கங்கையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தான். வானத்திலிருந்து விழும் ஒரு சொட்டுகூட மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று அவன் சொன்னதாக எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். கரைமேல் மூச்சு வாங்க நின்றபோது அந்தப் பேச்சு எனக்கு வெறும் பெருமையாகத் தோன்றவில்லை, வேலை தெரிந்தவன் பேச்சாகத்தான் தோன்றியது.

தலைநகர் இங்கே வந்த கதையில் நமக்கும் பங்கு உண்டு. 993 வாக்கில் ராஜராஜ சோழன் படை அதுவரை தலைநகராக இருந்த அநுராதபுரத்தை வீழ்த்தியது. அதன்பிறகு சோழர்கள் இங்கே இருந்துதான் ஆண்டார்கள், ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரும் வைத்தார்கள். மகாவலி ஆற்றைக் கடக்கும் துறைகளை இங்கிருந்து காவல் காக்கலாம், தெற்கே ருகுணையிலிருந்து படை வந்தால் தடுக்கலாம். 1070-இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு சோழர்களைத் துரத்தினான், ஆனால் தலைநகரை அவனும் இங்கேயே வைத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை கிளம்பி, எல்லாரும் தெற்கிலிருந்து பார்த்துக்கொண்டே போகும் பாதையில் எங்கும் நிற்காமல் நேரே வடக்கே கல் விகாரைக்கு மிதித்தோம். இது வீட்டுக்காரர் சொன்ன யோசனை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே கூட்டுகிற ஒரு அம்மாவைத் தவிர யாருமில்லை. ஒரே பாறையைக் குடைந்து நான்கு புத்தர்கள், அதில் படுத்திருக்கும் சிலை மட்டும் 14 மீட்டர். அவ்வளவு பெரிய சிலையில் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது தலையணையை. தலையின் பாரத்தில் பஞ்சு அமுங்கினால் எப்படி ஒரு பள்ளம் விழுமோ, அதே பள்ளத்தைக் கல்லில் வைத்திருக்கிறான் அந்தச் சிற்பி. கால்மாட்டுக்குப் போனால் இரண்டு பாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் மேல்கால் லேசாகப் பின்னால் தள்ளியிருக்கிறது. இது தூக்கமில்லை, பரிநிர்வாணம், அதாவது புத்தரின் மறைவு என்று காட்டத்தான் அந்தச் சின்ன விலகலாம். தலையிலிருந்து கால்வரை மெதுவாக நடந்து பார்க்கவேண்டிய சிலை இது. நாங்கள் மூன்று தடவை நடந்தோம்.

அங்கிருந்து திரும்பி வரும் வழி முழுக்க மர நிழல். சுவர்கள் மட்டும் ஓங்கி நிற்கும் லங்காதிலக சிலைமண்டபம், வெள்ளைப் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கும் கிரி வெஹெர தூபி, செங்கல் மலை மாதிரி இன்னொரு தூபி ரன்கொத் வெஹெர. ரன்கொத் வெஹெரவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தபோது கூடையில் இருந்த வாழைப்பழம் போயிருந்தது, மரத்தின்மேல் ஒரு குரங்கு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. உச்சந்தலையில் சுழித்து வாரிவிட்ட மாதிரி முடி உள்ள செங்குரங்குகள் இவை. இங்குள்ள குரங்குக் கூட்டங்களை 1968-லிருந்து தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகிறார்கள். கூடையில் எதையும் வைக்காதீர்கள்.

புத்தரின் புனிதப் பல்லை வைத்திருந்த கோயில்கள் நின்ற மேடையான தலதா மளுவவில் சைக்கிளைப் பூட்டிவிட்டு முழுக்க நடைதான். கையகல இடத்தில் இத்தனை கட்டடங்கள். வட்ட வடிவக் கோயிலான வட்டதாகேயின் வாசலில், படியேறும் முன் காலடி வைக்கும் அரைவட்டச் சிற்பக் கல்லான சந்திரவட்டக் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தால் அன்னம், யானை, குதிரை என்று வரிசையாகப் போகின்றன. அநுராதபுரத்துக் கற்களில் வரும் எருது இதில் இல்லை. சிவனின் வாகனத்தை மிதிக்கக்கூடாது என்று விட்டுவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். பக்கத்தில் கல்பொத்த, அதாவது கல் புத்தகம், ஓலைச்சுவடி வடிவத்தில் 8 மீட்டருக்கும் நீளமான ஒரே கல், எடை சுமார் 25 டன். மிகிந்தலையிலிருந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவந்தது என்று நிஸ்ஸங்கமல்லன் என்ற மன்னன் அதிலேயே எழுதிவைத்திருக்கிறான். முந்தின நாள் வெறும் சைக்கிளை ஒரு கரைமேல் ஏற்றியதை நினைத்துக்கொண்டேன்.

காலையில் வடக்கே போகிற அவசரத்தில் பிரிகிற பாதை ஒன்றைக் கடந்துவிட்டிருந்தோம், இரண்டாம் சிவாலயத்துக்குப் போவது. அதற்கென்று அடுத்த நாள் காலையை ஒதுக்கினோம். சைக்கிளை எடுக்காமல் நடந்தே போனோம். சோழர் கட்டியது, கல்வெட்டில் இதன் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம், ஒரு சோழ அரசியின் பெயர். சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் கூரையிழந்து நிற்க, முழுக்கக் கல்லால் ஆன இந்தச் சின்னக் கோயில் விமானத்தோடு அப்படியே நிற்கிறது. உள்ளே லிங்கம் இருக்கிறது, யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தங்கை சுவர் ஓரமாக நடந்துகொண்டே இருந்தவள் ஓரிடத்தில் நின்று, "இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். தமிழ் எழுத்து. பக்கவாட்டில் வெயில் விழுகிற நேரம், அதனால் வெட்டுகள் எல்லாம் நிழல் கட்டித் துலக்கமாகத் தெரிந்தன. ஒரு வரியைக்கூட எங்களால் முழுசாக வாசிக்க முடியவில்லை, ஆனால் டகரம் தெரிந்தது, பகரம் தெரிந்தது, அப்புறம் மகரம். ஒவ்வொன்றாக விரலால் காற்றில் எழுதிக் காட்டி, இது இது என்று அவள் சொல்லச் சொல்ல நானும் தேடினேன். வெயில் உச்சிக்கு ஏறி எழுத்துகள் மங்குகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம்.