கோல்காவலர் கணக்கு: பந்து முடிந்த இடம் சொல்லும் பொய்

தடுத்த பந்தைக் கோலை நோக்கி வந்த பந்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். மாமாக் கடையில் கோல்காவலர்களைப் பற்றிக் கிளம்பும் சண்டை பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முப்பது மீட்டரிலிருந்து உருண்டு வந்ததும் ஆறு மீட்டரிலிருந்து மூலைக்குப் பறந்ததும் அதில் ஒரே விலை. அதனால் பந்து கம்பங்களுக்கு நடுவே எங்கே போனது என்பதை வைத்து, அது கோலாகும் வாய்ப்பைக் கணிக்க ஒரு கணித மாதிரி தேவை.

அதற்கு வேண்டியவை: காற்பந்துத் தரவு நிறுவனமான ஸ்டாட்ஸ்பாம் இலவசமாகத் தரும் 2022 உலகக் கிண்ணத்தின் 64 ஆட்டங்கள், பைத்தான் நிரல்மொழி, ஆம்-இல்லை விடைக்கு வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். சாதாரண மடிக்கணினி போதும். தரவில் திடல் 120க்கு 80 யார்டு அளவு. அகலத்தில் கம்பங்கள் 36, 44இல். குறுக்குக் கம்பம் 2.67 உயரத்தில்.

முதல் மாதிரி நம்ப முடியாத அளவுக்குச் சரியாகச் சொன்னது. அங்கேதான் கோளாறு. கோலான பந்து நீளத்தில் 120இல், அதாவது கோல் கோட்டில், முடிகிறது. தடுத்த பந்தோ கோல்காவலரின் கை பட்ட இடத்திலேயே முடிகிறது. அந்த எண்ணைக் கொடுத்தால் விடையையே கொடுத்த மாதிரி. எனவே நீள எண்ணைத் தூக்கிவிட்டு, பந்தின் பாதையைக் கோல் கோடு வரை நீட்ட வேண்டும். 108, 40இல் உதைத்த பந்தை 117, 38.5இல் தடுத்தால், கோட்டில் அது 38.0. நீட்டாவிட்டால் பந்து 46 சென்டிமீட்டர் நடுவே தள்ளித் தெரியும். கடினமான தடுப்பு சுலபமாகிவிடும். உயரத்துக்கு இந்த வித்தை சரிவராது, பந்து வளைந்து இறங்கும், அதைத் தொடவில்லை.

தரவில் ஐந்தாம் பகுதி என்று குறித்திருப்பவை பினால்டி மோதல், நீக்கிவிடவும். சொந்த கோலும் காவலர் கணக்கில் சேராது. அரையிறுதிக்கு முன் மொரோக்கோ வாங்கிய ஒரே கோல் அதன் தற்காப்பாளர் அகெர்ட் போட்ட சொந்த கோல்தானே, அதற்குக் கோல்காவலர் பூனூ என்ன செய்வார்?

ஒவ்வொரு பந்துக்கும் மாதிரி சொன்ன வாய்ப்பைக் கூட்டினால் எதிர்பார்த்த கோல். அதிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் காவலரின் மதிப்பெண். ஆனால் 25 பந்தில் 70 சதவீதம் தடுப்பவருக்கு, அதிர்ஷ்டம் மட்டுமே 2.3 கோல் அளவுக்கு மேலும் கீழும் ஆட்டும். ஏழு ஆட்டத்தை வைத்து யார் முதல், யார் மூன்றாவது என்று அடித்துப் பேசக் கூடாது.

செந்தூல் திடல் ஆட்டத்துக்கு இப்படித் தரவு கிடையாது. வலைக்குப் பின்னால், நேர் நடுவில் கைத்தொலைபேசியை நிறுத்தி, கோலை 4க்கு 3 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் 1.83 மீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரம். கம்பத்தில் அந்த உயரங்களில் நிற டேப் ஒட்டினால் குறிப்பது எளிது. கேமரா ஓரமாக நகர்ந்தால் பந்து பக்கத்துக் கட்டத்தில் விழுந்ததாகத் தெரியும். மாலை மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் லென்ஸில் ஆவி படிகிறது, குடையே மேல்.