பழைய மஞ்சள் பஸ்களின் ஜாதகம்
அமெரிக்காவின் பழைய பள்ளி பஸ் ஒன்றின் கதையை எழுத உட்கார்ந்தால் முதல் குழப்பம், அதற்குப் பிறப்பு இரண்டு. சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம், ஃபோர்டோ இன்டர்நேஷனலோ செய்தது. பாடி கட்டியது ப்ளூ பேர்ட், வேய்ன் மாதிரி வேறொரு நிறுவனம். பானெட்டில் உள்ள பெயரை மட்டும் குறித்தால் பாதிக் கதை போச்சு. பாடி கட்டியவர் பெயரோடு உள்ளே முன்பக்கம் துருப்பிடித்த சின்னத் தகடு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடவேண்டும்.

1939-இல் நியூயார்க்கில் கல்வியாளர் ஃபிராங்க் சிர் கூட்டிய மாநாட்டில்தான் பள்ளி பஸ்ஸின் அந்த மஞ்சள் முடிவானது. பஸ் ஓய்வு பெற்றதும் பெரும்பாலும் வேறு நிறம் பூசித் தேவாலயத்துக்கோ பண்ணைக்கோ அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய பள்ளியின் பெயர் மங்கலாக எட்டிப்பார்க்கும். எனக்கு அதுதான் புதையல்!

சில பஸ்கள் குவாத்தமாலா போய், கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கின்றன.