குமரி மாவட்டத்தில் ஃப்ரீ டிஷ் பொருத்துவது: திசை சரி, எல்என்பியைத் திருகினீர்களா?

புது டிவியைச் சுவரில் மாட்டியதும் அமைப்புகளுக்குள் போய் ‘ஆன்டெனா’ என்று கொடுத்துத் தேடவிட்டால், குமரி மாவட்டத்தில் ஒரு சேனல்கூடச் சிக்காது. திருவனந்தபுரத்தைப் பார்த்து மீன்முள் ஆன்டெனா நட்டு தூர்தர்ஷன் பார்த்த காலம் முடிந்துவிட்டது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னை மாதிரி சில நகரங்களோடு நின்றுபோனது. மாதக் கட்டணம் கட்டாமல் டிஜிட்டல் சேனல் வேண்டுமென்றால் இங்கே இருக்கும் வழி டிடி ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய அதே சேவை. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுவது நல்லது. சேனல் பட்டியலில் இந்திதான் மிகுதி. டிடி தமிழ் (பழைய பொதிகை), டிடி மலையாளம், செய்திச் சேனல்கள், ஆகாசவாணி வானொலிகள் எல்லாம் உண்டு. ஆனால் தமிழ் சீரியல் பார்க்கிற வீட்டுக்கு இது கேபிளுக்கு மாற்று ஆகாது. இரண்டாவது டிவிக்கோ, கேபிள் வராத ரப்பர் தோட்டத்து வீட்டுக்கோ நல்ல ஏற்பாடு.

வாங்க வேண்டியவை: 60 அல்லது 65 செ.மீ. ஆஃப்செட் டிஷ், யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நின்று சிக்னலை வாங்கும் சிறு கருவி), ஆர்ஜி6 கேபிள், எஃப் கனெக்டர் நான்கு (இரண்டு வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்), செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ கேபிள். தெளிந்த வானத்துக்கு 60 செ.மீ. போதும். ஆனால் நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கூடுதல் செலவு கட்டுபடியாகும் என்றால் 75 அல்லது 90 செ.மீ. டிஷ் வாங்கலாம், மழையில் படம் உறைவது அந்த அளவுக்குக் குறையும்.

டிவியிலேயே சாட்டலைட் ட்யூனர் இருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள். திருகுமரை போட்ட எஃப் சாக்கெட்டும் பக்கத்தில் ‘எல்என்பி’ அல்லது ‘சாட்’ என்ற எழுத்தும் இருந்தால், பூட்டாத இலவசச் சேனல்களைப் பெட்டி இல்லாமலே எடுக்கலாம். இந்த வகை டிவிகளுக்கென்றே ஐஎஸ் 18112:2022 என்ற இந்தியத் தர நிர்ணயம் வந்திருக்கிறது. மரை இல்லாத வழுவழு சாக்கெட் பழைய ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் உரியது. டிஷ் கேபிளை அதில் செருகிப் பயனில்லை.

எல்என்பி வாங்கும்போது உடம்பில் 9750/10600 என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வருகிற அலைவரிசையில் இந்த எண்ணைக் கழித்து மிச்சத்தைத்தான் அது கேபிள் வழியாகப் பெட்டிக்கு அனுப்பும். கட்டண டிடிஎச் வீடுகளில் கழற்றிப்போட்ட பழைய எல்என்பி சிலவற்றில் 10600 மட்டும்தான் இருக்கும். ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸில் 10600 போனால் மிச்சம் 490. பெட்டியின் ட்யூனர் 950-க்குக் கீழே எதையும் எடுக்காது. எவ்வளவு நேரம் டிஷ்ஷை ஆட்டினாலும் திரையில் சிக்னலின் தரத்தைக் காட்டும் தரக்கோடு எழும்பாது. 9750 இருந்தால் மிச்சம் 1340. அது ட்யூனரின் எல்லைக்குள் வந்துவிடும்.

இனி கோணக் கணக்கு. நாகர்கோவிலுக்கு: திசை வடக்கிலிருந்து வலமாக 116 டிகிரி, உயரக் கோணம் 69 டிகிரி, எல்என்பி திருப்பம் 62 டிகிரி. களியக்காவிளையானாலும் கன்னியாகுமரியானாலும் இதில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் வித்தியாசம் வரும். சென்னைக்கு இதே கணக்கு 134, 68, 45. டெல்லிக்கு 149, 52, 27. சென்னைக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்து இங்கே பொருத்தினால் ஏன் படம் வருவதில்லை என்பதற்கு விடை இந்த எண்களில்தான் இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். திசை 18 டிகிரி தள்ளிப்போகிறது, எல்என்பி 17 டிகிரி கூடுதலாகத் திரும்பவேண்டியிருக்கிறது.

திசை: 116 டிகிரி என்பது கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 26 டிகிரி. மார்த்தாண்டம், தக்கலைக்காரர்களுக்கு ஏறக்குறைய நாகர்கோவில் இருக்கும் பக்கம். நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு அஞ்சுகிராமத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில். போனில் உள்ள திசைகாட்டி இதற்குப் போதும். ஆனால் இரும்புக் குழாய்க்கோ தண்ணீர் டாங்கின் இரும்பு ஸ்டாண்டுக்கோ பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முள் இழுபடும். சில அடி தள்ளி நின்று திசை பார்த்து, அந்தக் கோட்டில் தூரத்தில் ஒரு மரத்தையோ டவரையோ அடையாளம் வைத்துக்கொண்டு டிஷ்ஷிடம் வாருங்கள்.

மறைப்பு: தென்னை நிற்காத வீட்டுவளவு நம் ஊரில் ஏது? ஆனாலும் பயப்பட வேண்டாம், 69 டிகிரி என்பது ஏறக்குறைய தலைக்கு மேல். டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் தென்னை, 116 டிகிரி பக்கத்தில் 4 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். ஓலை ஆடுவதற்கு ஒரு மீட்டர் சேர்த்து 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். மற்றப் பக்கத்து மரங்களும் வடக்கே நிற்கும் மலையும் கணக்கிலேயே வராது. இடத்தைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: மார்ச் 17 வாக்கிலும் செப்டம்பர் 26 வாக்கிலும் காலை 11 மணி சுமாருக்குச் சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அப்போது வெயில் விழுகிற இடத்தில் டிஷ் வைக்கலாம், நிழல் விழுகிற இடத்தில் கூடாது. அதே நாட்களில் அதே நேரத்துக்குச் சில நிமிடம் படம் போய்த் திரும்பும்; அதைப் பழுது என்று நினைத்து டிஷ்ஷைத் தொட்டுவிடக் கூடாது.

குழாய் செங்குத்தாக நிற்கவேண்டும். தூக்குக்குண்டோ ரசமட்டமோ வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போதெல்லாம் உயரக் கோணமும் கூடவே மாறி, எதைச் சரிசெய்கிறோம் என்றே தெரியாமல் போகும். சுவரில் மாட்டுவதானால் பிராக்கெட் குறைந்தது 30 செ.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும். இந்தக் கோணத்துக்கு டிஷ் நன்றாக மல்லாந்து கிடக்கும். நீட்டம் குறைந்தால் மேல் விளிம்பு சுவரில் முட்டும். ஓட்டு வீடு என்றால் கூரையைத் தொடாமல் முற்றத்தில் ஒன்றரை இஞ்சு ஜிஐ குழாயை 45 செ.மீ. ஆழத்தில் கான்கிரீட் போட்டு நடுவதே மேல்.

ஆரல்வாய்மொழி, தோவாளை, முப்பந்தல் பக்கத்துக்காரர்கள் காற்றாலை சுற்றுகிற காற்றை மனதில் வைத்துக் கட்டவேண்டும். பிளாஸ்டிக் பிளக்கும் மரத்திருகும் அங்கே ஒரு ஆனி ஆடிக்கு நிற்காது. நான்கு மூலைக்கும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டு, பின்னால் ஒரு தாங்குகம்பியும் கொடுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் மாடியிலிருந்து பறந்த டிஷ் எத்தனையோ.

உயரக் கோணம்: பிராக்கெட்டில் அச்சடித்த அளவை நம்பாதீர்கள், சிலவற்றில் அது 60-லேயே முடிந்துவிடும். டிஷ்ஷின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து, அதன்மேல் போனை வைத்துச் சாய்வளவுச் செயலியில் பாருங்கள். ஆஃப்செட் டிஷ் தன் வடிவத்தாலேயே 24 டிகிரி அளவு மேலே பார்ப்பதால், 69-இல் அது போக, கட்டை செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். 44, 46 இருந்தாலும் போதும், மிச்சத்தைப் பெட்டியின் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

பொருத்தவந்த ஆட்களே பெரும்பாலும் கோட்டைவிடுவது எல்என்பியைத் திருப்புவதில்தான். பிடியில் கேபிள் வாய் நேர் கீழே பார்க்க, 6 மணி முள் நிலையில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஃப்ரீ டிஷ்ஷின் 11090 அலைவரிசையில் அலை அதிர்வது செங்குத்தாக, அதாவது ‘வி’. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், செயற்கைக்கோளும் கிழக்கே ஒதுங்கி நிற்பதால், அந்தச் செங்குத்து நமக்கு 62 டிகிரி சாய்ந்து வந்து சேர்கிறது. எல்என்பியை நேராக வைத்தால் வரவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். வேண்டாத ‘எச்’ (கிடைமட்ட) பக்கம் ஐந்தில் நான்கு பங்கு புகுந்துவிடும். திரையில் வலுக்கோடு நிறைந்து நிற்கும், தரக்கோடு தரையோடு கிடக்கும்.

டிஷ்ஷுக்கு முன்னால், அதைப் பார்த்தபடி நில்லுங்கள். எல்என்பியின் பின்புறமும் கேபிள் வாயும் உங்களுக்குத் தெரியும். கேபிள் வாயை 6 மணியிலிருந்து கடிகாரம் சுற்றும் பக்கமாக 8 மணிக்குக் கொண்டுபோங்கள். அது 60 டிகிரி. தொடங்க இது போதும். கடைசியில் இரண்டு பக்கமும் மெல்லத் திருகித் தரம் உச்சிக்குப் போகும் இடத்தில் பூட்டவும். பிடியே திருப்ப விடாத வகை என்றால் பிடியை மாற்றவேண்டியதுதான். டிஷ் இருபது வயதுப் பழசாக இருந்தாலும், எல்என்பியும் பிடியும் புதிதானால் வேலை செய்யும்.

கேபிள் முனை சீவுவது சின்ன வேலைதான், ஆனால் பழுதுக்குப் பெரிய காரணம். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைவிட 2 முதல் 3 மி.மீ. நீட்டி நிற்கட்டும். வெளிப்பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் பெட்டி ‘எல்என்பி ஷார்ட்’ என்று காட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். முனையைச் சீவுகிறபோதும் திருகுகிறபோதும் பெட்டியின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக 30 மீட்டர்வரை ஓட்டலாம். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. அணில் தொல்லை உள்ள வீட்டில் பிவிசி குழாய்க்குள் விடுவது உத்தமம்.

பெட்டியில் அல்லது டிவியில்: செயற்கைக்கோள் பட்டியலில் ஜிசாட்-15 என்று இல்லாமல் 93.5 டிகிரியில் இன்சாட் 4பி என்று இருக்கலாம். அது முன்பு அதே இடத்தில் இருந்தது, அதையே தேருங்கள். எல்என்பி வகை யுனிவர்சல் 9750/10600, எல்என்பி மின்சாரம் ஆன், டைசெக் ஆஃப், 22 கிலோஹெர்ட்ஸ் ஆட்டோ. அலைவரிசை 11090, வி, சிம்பல் ரேட் 29500. இனித் தரக்கோட்டை மட்டும் பாருங்கள். வலுக்கோடு எல்என்பிக்கு மின்சாரம் போனாலே எழும்பும், அதை வைத்து மகிழ வேண்டாம்.

60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ 3 டிகிரி அகலம். டிஷ் விளிம்பில் ஒரு டிகிரி என்பது 5 மி.மீ. ஆகவே விளிம்பைப் பிடித்து 5 மி.மீ. நகர்த்துங்கள், கையை எடுங்கள், நான்கைந்து விநாடி பொறுங்கள். பெட்டி பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். சர்ரென்று திருப்பினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போனதே தெரியாது. டிஷ்ஷிடம் ஒருவர், டிவி முன்னால் ஒருவர், இடையில் போன். 91.5-லும் 95-லும் வேறு செயற்கைக்கோள்கள் இருப்பதால் வலு வந்தது என்பதற்காக நிறுத்தாதீர்கள். தரம் பூட்டியபின் வரிசை: முதலில் இடம் வலம், பிறகு மேல் கீழ், கடைசியில் எல்என்பி. நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுக்க இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.

தேடல் முடிந்து படம் கறுப்பு வெள்ளையில் உருண்டால், பழைய டிவியின் ஏவி இணைப்பில் முறை என்டிஎஸ்சி-யில் கிடக்கிறது, பிஏஎல் ஆக்குங்கள். சில சேனலில் சத்தம் மட்டும் வந்து படம் வராவிட்டால் பெட்டி எம்பெக்-2 மட்டும் படிக்கும் பழசு. எம்பெக்-4 பெட்டி தேவை.

குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் கிளாம்பும் நட்டும்தான் முதலில் உப்பில் போகும். வாங்கிய அன்றே துருப்பிடிக்காத எஃகு போல்ட்டாக மாற்றி, எஃப் கனெக்டர்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண மின்டேப் வெயிலில் பசை இளகி அவிழும். கனெக்டரைத் திறக்கும்போது நடுக்கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் சுரண்டிப் பயனில்லை, ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது முனை போடவும். எல்என்பியின் பிளாஸ்டிக் மூடி வெடித்திருந்தாலும் அதில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் நனையும்போது மட்டும் படம் போகும். வெயிலில் சரியாக இருக்கும் என்பதால் ஆள் வந்து பார்த்தால் குறையே தெரியாது.

இடி இறங்கும் சித்திரை, ஐப்பசி மாலைகளில் பவர் பிளக்கோடு டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். இரண்டு டிவி வேண்டுமென்றால் கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரை நடுவில் போடாமல் இரட்டை எல்என்பி வாங்கி இரண்டு கேபிள் இழுங்கள்.

தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, ஃப்ரீ டிஷ் இடங்களை ஏலத்தில் கொடுப்பதால் ஏப்ரல் 1 வாக்கில் சேனல்கள் இடம் மாறும். பார்த்துக்கொண்டிருந்த சேனல் ஒன்று காணாமல் போனால் மாடிக்கு ஏறாதீர்கள். டிடி தமிழ் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் மறுபடி ஒரு முறை தேடவிட்டாலே போதும்.