ஜிஎஸ்டியா, ஈசிஆரா?

நாளை விடியற்காலை சென்னையிலிருந்து வண்டியில் ராமேஸ்வரம். வீட்டில் ஒரு வாரமாக இதே பஞ்சாயத்து. நான் ஜிஎஸ்டி ரோடு கட்சி: திருச்சி வரை நாலு வழிச்சாலை, அப்புறம் புதுக்கோட்டை, சாயங்கால டீக்குப் பாம்பன் பாலம்.

அவள் ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. "மரக்காணம் உப்பளம் பார்க்காம என்னங்க டூர்?" போன தடவை அங்கே வண்டியை நிறுத்தினோம். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு, சிலதின் மேல் கீற்று. சின்னவன் ஒரு கல்லை வாயில் போட்டுச் சுளித்த முகம் இருக்கிறதே!

ஆனால் கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று ஊர் ஊராக நுழைந்து போனால் இடுப்பு கழன்றுவிடும். (ஓட்டுவது நான்தானே.)

கடைசியில் போக ஜிஎஸ்டி, வர ஈசிஆர். தொண்டிப் பக்கம் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்? சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான், திட்டாதீர்கள்.