அலமாரியைப் பூட்டிய செமினார்

திண்டுக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடம் நடத்துவதைக்கூடச் சமாளித்துவிடலாம். இரண்டாம் ஆண்டில் 'பிபிடி செமினார்' என்று ஒன்று வரும், அதற்கு மார்க் போடுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொருவரும் ஸ்லைடு தயாரித்துக்கொண்டு வந்து ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். விஷயம், ஸ்லைடு, பேச்சு, உடல்மொழி, நேரம் என்று ஐந்து கட்டம் போட்ட தாளை எங்கள் எச்.ஓ.டி., அதாவது துறைத் தலைவர், அடித்துக் கொடுத்திருக்கிறார். கட்டத்துக்கு 5, ஆகமொத்தம் 25. அதைத் தாண்டி ஒரு அரை மார்க்கூட எங்கும் வைக்க இடமில்லை.

முதல் கட்டத்திலேயே தகராறு ஆரம்பித்துவிடும். இப்போதெல்லாம் எல்லோருடைய விஷயமும் அருமையாக இருக்கிறது. எல்லோருடையதும் ஒரே மாதிரி, ஒரே அளவுக்கு அருமையாக இருக்கிறது. ஏ.ஐ. புண்ணியம். பிளாக்செயின் பற்றிப் பேச வந்த ஒருவன் ஸ்லைடில் இருந்ததை வரி விடாமல் படித்துக்கொண்டே வந்தான். கடைசி வரியையும் அதே குரலில் படித்தான்: "வுட் யு லைக் மி டு மேக் இட் ஷார்ட்டர்?" பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "எஸ் மச்சி, ப்ளீஸ்."

ஸ்லைடு கட்டம் இன்னும் மோசம். முதல் வகுப்பிலேயே நான் கொஞ்சம் வரலாறு சொல்வேன். பவர்பாயின்ட் 1987-இல் மேக் கணினிக்காக வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை 1.4 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. அன்றைக்கு அது ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களை அச்சிடத்தான் பயன்பட்டது. ஒரு தாளை எடுத்து அடுத்த தாளை வைக்கக் கொஞ்சம் நேரமாகும், அந்தச் சந்தில் பேசுகிறவர் மூச்சு விடுவார், கேட்கிறவர் யோசிப்பார். இப்போது ஒரு கிளிக்கில் எழுத்துகள் நாலு பக்கத்திலிருந்தும் சுழன்று வந்து விழுகின்றன. யாரும் மூச்சு விடுவதில்லை. சில சமயம் நான்கூட.

அப்புறம் கை கவாசாகி என்ற அமெரிக்க எழுத்தாளரின் 10-20-30 விதியையும் சொல்வேன். 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்து 30 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஸ்லைடு இன்னும் குறைவாக இருக்கட்டும் என்றும் அழுத்திச் சொல்வேன். பிள்ளைகள் எண்களை மட்டும் கவனமாக ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். 30 ஸ்லைடு வரும். எழுத்து 10 பாயின்ட்டில் இருக்கும். ஒரு ஸ்லைடுக்கு 20 விநாடிகூடக் கிடைக்காது. கடைசி ஸ்லைடில் ரோஜாப்பூவும் 'தேங்க் யூ'வும் மட்டும் மதுரை பைபாஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவில் இருக்கும்.

பேசும்போது பி எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள் என்று ஒரு வித்தையும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாணவி தைரியமாக அழுத்தினாள். உடனே முன்பெஞ்சிலிருந்து மூன்று பேர் பாய்ந்து வந்து கேபிளை ஆட்டத் தொடங்கினார்கள். லேப் அசிஸ்டண்ட் ஓடிவந்து புரொஜெக்டரை அணைத்துப் போட்டார். அது சூடு ஆறித் திரும்ப உயிர் பெறுவதற்குள் அவளுடைய நேரம் முடிந்துவிட்டது.

உடல்மொழியைப் பற்றி என்ன சொல்ல? முக்கால்வாசிப் பேர் மின்விசிறியைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லிவைத்தால், ஒருத்தி ஐந்து நிமிடமும் என் கண்ணை மட்டுமே பார்த்தாள், இமைகூடக் கொட்டாமல். குனிந்து மார்க் எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. மதியம் இரண்டரை மணிக்கும் "குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல், மைசெல்ஃப்..." என்றுதான் தொடக்கம். இதை ஒழிக்கப் பல வருடமாக முயல்கிறேன், அது என் ரிட்டயர்மென்ட்டைத் தாண்டியும் வாழும்.

பேசி முடித்ததும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்பார்கள். யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது பரம்பரை பரம்பரையாக வரும் ஒப்பந்தம். கேள்வி கேட்பவருக்கும் மார்க் உண்டு என்று ஒருமுறை ஆசை காட்டினேன். மறுநாள் ஒருவன் எழுந்து, துண்டுச்சீட்டைப் பார்த்து ஒரு கேள்வியைப் படித்தான். நல்ல கேள்விதான். ஆனால் அது அடுத்துப் பேச இருந்தவனுக்கான கேள்வி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த செமினாரில்தான் பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டுக்கு வந்த பையன் ஒருவன் எழுந்து வந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன். தலைப்பு, திண்டுக்கல் பூட்டு. ஸ்லைடு நாலே நாலு, எல்லாம் அவன் தாத்தாவின் பட்டறையில் போனில் எடுத்த படங்கள். ஒரு படத்தில் பூட்டைவிட அரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பூனைதான் தெளிவாகத் தெரிந்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். "கீ கோயிங் இன்சைட் மேம், ஆல் லிவர் கம்மிங் அப், கரெக்ட் ஹைட் மட்டும், தென் ஒன்லி ஓபன்" என்றான். இலக்கணம் ஒரு பக்கம் கிடக்கட்டும், உள்ளே இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும், மெஷினில் செய்து விலை குறைவாக வரும் அலிகார் பூட்டோடு கைவேலைப் பூட்டு போட்டி போட முடியாமல் திணறுவதையும் சொன்னான். சொல்லிவிட்டுப் பையிலிருந்து கைக்கு அடங்காத ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தான்.

"டெமோ மேம். பீரோவில் போடட்டுமா?"

தலையாட்டினேன். லேபில் இருக்கும் இரும்பு அலமாரியின் பழைய பூட்டைக் கழற்றிவிட்டுத் தன் பூட்டை மாட்டினான். சாவியைத் திருப்பினான், கணீரென்று மணி அடித்தது, வகுப்பு கைதட்டியது. சாவியை உருவியதும் ஒரு தகடு தானாக நகர்ந்து சாவித் துவாரத்தையே மறைத்துக்கொண்டது. மறுபடி கைதட்டல். "நவ் ஐ ஓபன்" என்றான்.

ஓபன் ஆகவில்லை. தகடு நகர்ந்தது, சாவி உள்ளே போனது, சுற்றவும் செய்தது. பூட்டு மட்டும் அசையவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. அவன் நெற்றியில் வியர்வை.

அந்த அலமாரிக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். லேபுக்குள் போன் கூடாது என்பது விதி. வகுப்பின் அத்தனை போனும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அதற்குள்தான் இருந்தது. என் எலுமிச்சைச் சோறும். சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம்.

அதுவரை மின்விசிறியோடு பேசிக்கொண்டிருந்த வகுப்பு அப்படியே எழுந்து நின்றது. பிளாக்செயின் பையன், கொண்டியை அறுத்துவிடுவதுதான் நல்லது என்று மூன்று காரணங்களை வரிசையாக எடுத்துவைத்தான். கையில் தாள் இல்லை, திரையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அறுத்தால் கல்லூரிச் சொத்து, ஃபைனை எத்தனை பேர் பங்கு போட்டுக் கட்டுவது என்று ஒரு மாணவி மறுத்தாள். என் கண்ணை விட்டு அகலாதவள் "கிவ் ஹிம் ஸ்பேஸ்! எவ்ரிபடி கோ பேக்!" என்று போட்ட சத்தத்தில் நானே ஓரடி பின்னால் போனேன். குரல் ஏற்ற இறக்கம், கை அசைவு, எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசுவது, எல்லாம் பிரமாதம். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை, எல்லோரும் தங்கள் ஐந்து நிமிடத்தை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

"தாத்தாவைக் கேட்டா தெரியும் மேம்" என்றான் பையன், கிட்டத்தட்ட அழுதுகொண்டே. வெளியே இருந்த ஒரே போன் என்னுடையது. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னணியில் ராவும் சத்தம்.

"எந்தப் பூட்டுடா? வலப் பக்கம் மூணு ஆணி இருக்கா?"

"இருக்கு தாத்தா."

"பதறாத. நடு ஆணியை அமுக்கு. அமுக்கிட்டியா?"

"ம்."

"அமுக்கினபடியே சாவியை இடப் பக்கமா அரைச் சுத்து. மணி கேட்டுச்சா?"

"இல்ல தாத்தா."

"அப்ப நீ முழுசா அமுக்கல. கட்டை விரலை வச்சு அமுக்கு. உள்ளாற ஒரு சுருள் இருக்கு, அது படுத்தாத்தான் லிவர் எந்திரிக்கும். இப்ப?"

வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம், சொன்னதும் நிறுத்தி, புரிந்ததா என்று கேட்டு, புரியாவிட்டால் காரணத்தோடு வேறு மாதிரிச் சொல்லி... நான் செமஸ்டர் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பதை அந்தப் பெரியவர் அரத்தைக்கூடக் கீழே வைக்காமல் செய்துகொண்டிருந்தார். கணீர். பூட்டு வாயைப் பிளந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் டிபன் பாக்ஸை முதலில் எடுத்து வெளியே வைத்தேன், அப்புறம்தான் போன்கள்.

ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏந் தாயி, டீச்சரம்மா இருக்கீங்களா? பேரன் நல்லாப் பேசுனானா?"

"நல்லாப் பேசினாங்கய்யா. 25-க்கு 18 போட்டிருக்கேன்."

"சரி, அது பேசுனதுக்கு. பூட்டுக்கு எவ்வளவு?"

"பூட்டுக்குன்னு தனியாக் கட்டம் இல்லீங்கய்யா."

"தொறந்ததுக்கு?"

"அதுக்கும் இல்லீங்க."

ராவும் சத்தம் நின்றது. "அந்தக் கட்டத்தைப் போட்டது யாரும்மா? போனை அவுககிட்டக் குடுங்க."

கூச்சல் கேட்டு வந்திருந்த எச்.ஓ.டி. வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். போனை நீட்டினேன்.